விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு எப்போது மாறுவது? நீலகிரியில் கணினி வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு" என்று அப்படியே விட்டுவைப்பது தப்பு. திரையின் மூலையில் அறிவிப்பு வந்தது என்பதற்காக, வெளியே மழை கொட்டும்போது சாயங்காலம் ஆறு மணிக்குப் பொத்தானை அமுக்குவதும் தப்பு. கோயம்புத்தூரில் இருப்பவருக்கு இது அரை நாள் வேலை. மலையில் கரண்டும் இணையமும் நம் சௌகரியத்துக்கு இருக்காது. ஏதாவது கெட்டுப்போனால் கணினியின் டவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்க வேண்டியிருக்கும். அதனால் இங்கே நாள் பார்த்துத்தான் செய்யவேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் செயலியின் (பிராசஸரின்) எண்ணைப் படியுங்கள்

'செட்டிங்ஸ்' போய், 'சிஸ்டம்', அதில் 'அபவுட்'. அங்கே 'பிராசஸர்' என்ற வரியைப் பாருங்கள். இன்டெல் என்றால் 'ஐ3', 'ஐ5' என்பதற்குப் பிறகு ஒரு சிறு கோடும் ஓர் எண்ணும் இருக்கும். ஐ5-7200யு என்றிருந்தால் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை. ஐ5-8250யு என்றிருந்தால் எட்டாம் தலைமுறை, தகுதி உண்டு. ஐ5-1135ஜி7 மாதிரி எண் 10, 11, 12 என்று தொடங்கினால் அது பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் தலைமுறை, கவலையில்லை. ஏஎம்டி என்றால் பொதுவாக ரைசன் 2000 வரிசையிலிருந்து சரி. ஒருசில விதிவிலக்குகள் இருப்பதால் மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருளை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எது குறைகிறது என்று அதுவே சொல்லும்.

ராம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபி என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம். அதில் ஏறும், வேலை ஓடாது. 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கும் இல்லாமல் விண்டோஸ் 11 போடவேண்டாம் என்பது என் திடமான கருத்து. பழைய ஹார்டு டிஸ்க்கிலேயே போட்டால் காலையில் ஆன் செய்துவிட்டு டீ குடித்து வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும்.

செயலி சரியாக இருந்தும் "டிபிஎம் 2.0 இல்லை" என்று வந்தால் பதறவேண்டாம். டிபிஎம் என்பது பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி. பெரும்பாலும் அது உள்ளே இருக்கும், பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் வரும் அமைப்புத் திரையில்) அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் 'பிடிடி' என்றும், ஏஎம்டி போர்டில் 'எஃப்டிபிஎம்' என்றும் இருக்கும். அதை 'எனேபிள்' செய்தால் போதும்.

விண்டோஸ் 11 கேட்கும் இன்னொரு பயாஸ் அமைப்பான 'செக்யூர் பூட்' விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். அதற்குப் பயாஸ் 'யுஇஎஃப்ஐ' என்ற புதிய முறையில் இருக்கவேண்டும். உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால், பயாஸை 'லெகசி'யிலிருந்து 'யுஇஎஃப்ஐ'-க்கு மாற்றிய அடுத்த நிமிடம் விண்டோஸ் ஏறாது. முதலில் டிஸ்க்கை ஜிபிடி முறைக்கு மாற்றவேண்டும், அதற்குப் பிறகுதான் பயாஸ். இந்த வரிசை தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் கைவையுங்கள்.

2. கெடு தேதிகள்

வீட்டு உபயோகக் கணினிகளுக்கு விண்டோஸ் 10-இல் ஓர் ஆண்டு நீட்டிப்பு இருக்கிறது. அது 2026 அக்டோபர் 13 வரை. பதிப்பு 22எச்2 (விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு) ஆக இருக்கவேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் 'என்ரோல் நவ்' என்ற இணைப்பு இருக்கும். அதில் மூன்று வழி: கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைக்க ஒப்புக்கொண்டால் காசில்லை, மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 இருந்தால் அதைக் கொடுக்கலாம், இல்லையேல் 30 டாலருக்குச் சமமான தொகை. ஒரு பதிவில் பத்துக் கணினிகள் வரை சேர்க்கலாம். இன்னும் பதிவு செய்யாதவர்கள் இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்கும் முன் அதைச் செய்துவிடுங்கள்.

ஏற்கெனவே விண்டோஸ் 11-இல் இருப்பவர்களுக்கும் ஒரு தேதி உண்டு. ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கு ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் 24 மாதம்தான் ஆயுள். 23எச்2 2025 நவம்பரில் முடிந்துவிட்டது. 24எச்2 2026 அக்டோபர் 13-இல் முடிகிறது. 25எச்2-க்கு 2027 அக்டோபர் 12 வரை நேரம் இருக்கிறது. 24எச்2-இலிருந்து 25எச்2-க்குப் போவது சின்ன வேலை, மாதாந்திர அப்டேட் போலவே முடிந்துவிடும்.

ஆஃபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-தான் கடைசி நாள். விண்டோஸை மட்டும் மாற்றிவிட்டு, வெளியிலிருந்து வரும் எக்ஸெல் கோப்புகளைப் பழைய ஆஃபீஸில் திறந்துகொண்டிருந்தால் வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்து வைத்த கதைதான்.

3. நாள் குறிப்பது

அக்டோபர் 13 என்ற கெடு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வாரத்தை ஒட்டி வருகிறது. குன்னூர், கோத்தகிரி பக்கம் அதற்குப் பிறகு டிசம்பர் வரை மரம் சாய்வது, கம்பி அறுவது, பர்லியார் பாதையில் மண் சரிவது எல்லாம் உண்டு. ஆகவே கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழையில் நினைக்கவே வேண்டாம். பிப்ரவரி, மார்ச் சரியாக இருக்கும். காட்டேஜ், ஹோட்டல் நடத்துபவர்கள் ஏப்ரல், மே சீசனையும் செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசனையும் விட்டுவிடுங்கள். முன்பதிவுப் பட்டியல் திறக்காத கணினியோடு சீசன் சனிக்கிழமையைச் சமாளிக்க முடியாது.

மாதத்துக்குள் நாள் பார்க்க இரண்டு கணக்கு. மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரத் திருத்தங்களை இரண்டாவது செவ்வாயன்று வெளியிடும். நமக்கு அது இரவில் வந்து சேரும். அதில் ஏதும் பிசகு இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் தெரிந்துவிடும். ஜிஎஸ்டி கட்டும் வியாபாரிகளுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மாதத்தின் 21 முதல் 26 வரையான நாட்கள்தான் மிஞ்சும். தேயிலை பேக்டரி அலுவலகமாக இருந்தால் ஏல நாட்களையும், விவசாயிகளுக்குப் பசுந்தேயிலைப் பணம் போடும் நாட்களையும் அதில் கழித்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களுக்குள் எந்த நாள் என்பதை மின்வாரியத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் துணைமின் நிலையத்தை என்றைக்கு நிறுத்துகிறார்கள் என்று நாளிதழில் முன்கூட்டியே போடுவார்கள். அதற்கு மறுநாள் காலை பத்து மணி நல்ல நேரம். அதிகாலையிலும் சாயங்காலமும் ஊரெல்லாம் கீசரும் ஹீட்டரும் போடுவதால் வோல்டேஜ் இறங்கும். அந்த நேரத்தைத் தவிருங்கள்.

புதிய ஆண்டுப் பதிப்பு வெளிவந்த முதல் இரண்டு மாதத்துக்குள் பிழைப்புக்கான கணினியில் போடவே வேண்டாம். இடையில் 'பாஸ் அப்டேட்ஸ்' மூலம் ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அது பாதுகாப்புத் திருத்தங்களையும் சேர்த்தே நிறுத்தும் என்பதை மறக்காதீர்கள்.

4. கையில் எழுதி வைக்கவேண்டியவை

ஒரு நோட்டில், பேனாவால். கணினிக்குள்ளேயே சேமித்து வைத்தால் தேவைப்படும் நேரத்தில் கிடைக்காது.

மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சல், கடவுச்சொல்: கணினி வாங்கியபோது கடைக்காரப் பையன் தன் மின்னஞ்சலைப் போட்டு ஆரம்பித்துக் கொடுத்திருந்தால், இதுதான் இருப்பதிலேயே பெரிய பொறி. புதிய லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டிருக்கும். பயாஸ் அப்டேட் செய்தாலோ டிபிஎம்மை மாற்றினாலோ நீல நிறத் திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் யார் கணக்கில் இருக்கிறதோ அவர்தான் கொடுக்கமுடியும். அந்தப் பையன் இப்போது திருப்பூரில் இருந்தால்? இன்றே உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றி, மீட்பு எண் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, நோட்டில் எழுதுங்கள்.

டேலி (கணக்கு மென்பொருள்): சீரியல் எண், நிர்வாகியின் மின்னஞ்சல். கணினியை ஃபார்மட் செய்வதாக இருந்தால் அதற்கு முன் லைசென்ஸை 'சரண்டர்' செய்யவேண்டும். செய்யாமல் டிஸ்க்கை அழித்துவிட்டு, பிறகு ஏறவில்லை என்று அலைபவர்கள் நிறைய.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன் (யுஎஸ்பியில் சொருகுவது): கடவுச்சொல்லும், டோக்கனின் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) எந்த நிறுவனத்துடையது என்பதும். விண்டோஸ் மாறிய பிறகு டோக்கன் தெரியவில்லை என்றால் டிரைவரைத் திரும்பப் போடுங்கள், போதும். எக்காரணம் கொண்டும் 'இனிஷியலைஸ்' என்பதை அழுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் சான்றிதழ் அழிந்துபோகும், புதிதாகக் காசு கொடுத்து வாங்கவேண்டும். கடவுச்சொல்லை ஊகித்துப் போட்டாலும் சில தடவைக்குப் பிறகு டோக்கன் பூட்டிக்கொள்ளும்.

தமிழ்த் தட்டச்சு: ஜெராக்ஸ் கடைகளிலும் மனு எழுதும் இடங்களிலும் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களில் வருடக்கணக்கான கோப்புகள் இருக்கும். அந்த எழுத்துரு கோப்புகளைத் தனியாக நகல் எடுங்கள். அவை இல்லாமல் திறந்தால் கட்டுரை முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில் அடிப்பவர்களுக்குப் பிரச்சினையில்லை. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது.

5. கணினியோடு ஒட்டியிருக்கும் சாமான்கள்

விண்டோஸ் ஏறிவிடும், ஆனால் தராசு பேசாது. மலைப் பக்கம் அதிகம் நடப்பது இதுதான்.

பசுந்தேயிலை எடை போடும் எலக்ட்ரானிக் தராசுகள் பல இன்னும் சீரியல் கேபிளில் இணைகின்றன. நடுவில் யுஎஸ்பி மாற்றி ஒன்று இருக்கும், நீல நிறத்தில் உள்ளங்கை நீளத்துக்கு. அதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் ப்ரொலிஃபிக் பிஎல்2303 சிப் அல்லது அதன் போலி. விண்டோஸ் 11-இல் புதிய டிரைவர் ஏறியதும் 'டிவைஸ் மேனேஜரில்' மஞ்சள் முக்கோணம் வரும். பழைய அசல் சிப் என்றால் அது 2012-லேயே கைவிடப்பட்டது என்றும், போலி என்றால் இது ப்ரொலிஃபிக்கே இல்லை என்றும் அந்த இடத்திலேயே எழுதியிருக்கும். மாற்றியைப் பிடுங்கிச் சொருகிப் பயனில்லை, தராசிலும் கோளாறு இல்லை. எஃப்டிடிஐ சிப் உள்ள நல்ல மாற்றியாக முன்கூட்டியே ஒன்று வாங்கி, பழைய விண்டோஸிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு மாறுங்கள். 'காம் போர்ட்' (சீரியல் இணைப்பின்) எண் பழையபடி இருக்கிறதா என்றும் பாருங்கள். 3 என்றிருந்தது 5 ஆகிவிட்டால் எடைபோடும் மென்பொருள் தேடிக்கொண்டேயிருக்கும். அதை டிவைஸ் மேனேஜரிலேயே திரும்ப 3 ஆக்கலாம்.

இ-சேவை மையங்களில் கைரேகைக் கருவிக்கான 'ஆர்டி சர்வீஸ்' என்ற மென்பொருளைப் புதிதாகப் போடவேண்டி வரலாம். அந்த நிறுவல் கோப்பை முன்பே பென் டிரைவில் இறக்கி வையுங்கள். பழைய லேசர் பிரின்டர், டாட் மேட்ரிக்ஸ் இரண்டுக்கும் அதே பாடம்: 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்க்கவும். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. இப்போது 32 பிட் விண்டோஸ் 10 ஓட்டுகிறீர்கள் என்றால் மேலேற்றம் நடக்காது, துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போடவேண்டும். 16 பிட்டில் எழுதிய பழைய கணக்குப் புரோகிராம்கள் அதோடு நிற்கும்.

ஐந்தாறு வருடமான டவர் என்றால் போர்டில் இருக்கும் சிஆர் 2032 காசு பேட்டரியை மாற்றிவிடுங்கள். ஐம்பது ரூபாய் அளவில்தான் ஆகும். அது தீர்ந்திருந்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பின்னால் போய்விடும். தேதி தப்பானால் அப்டேட் இறங்காது, பாதுகாப்பான தளங்களும் திறக்காது. பயாஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பி, நேற்றுவரை ஏறிய விண்டோஸ் இன்று ஏறாமல் போகும்.

6. நகல்

ஒரு நகல் வெளி ஹார்டு டிஸ்க்கில், இன்னொன்று வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் இலவசமாகத் தருவது 5 ஜிபிதான், போட்டோ எல்லாம் அதில் அடங்காது. நகல் எடுத்த பிறகு அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் சொருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல் கணக்கில் சேராது. வெளி டிஸ்க்கை ஈரம் ஊறும் அலமாரியில் வைக்காமல், சிலிகா பாக்கெட்டோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

7. இறக்குவது

நிறுவல் கோப்பு 5 முதல் 8 ஜிபி வரை வரும். நாளுக்கு 1.5 அல்லது 2 ஜிபி தரும் மொபைல் திட்டத்தில் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கினால் பாதியில் நிற்கும். ஃபைபர் இணைப்பு இருக்கும் இடத்திலோ கோவை போகும்போதோ மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ என்ற அந்த நிறுவல் கோப்பை ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால் எத்தனை கணினிக்கும் ஆகும். பென் டிரைவ் 16 ஜிபியாக வாங்குங்கள். 6 ஜிபி கோப்பு பழைய எஃப்ஏடி32 வடிவத்தில் ஏறாது, என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் ஆக்கிக்கொள்ளுங்கள்.

மொழி பார்த்து இறக்குங்கள். உங்கள் விண்டோஸ் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்து, இறக்கியது 'இங்கிலீஷ் இன்டர்நேஷனல்' என்றால், நிறுவும்போது 'ஆப்ஸ், ஃபைல்களை வைத்துக்கொள்' என்ற தெரிவு மங்கலாகக் கிடக்கும். அப்போது 'அடுத்தது' அமுக்காதீர்கள். வெளியே வந்து சரியான மொழிக் கோப்பை இறக்குங்கள்.

விண்டோஸ் 10 முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால் 11-க்குக் காசு கிடையாது. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் பழைய விண்டோஸ் 7 கீயை வைத்து ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. ஐந்நூறு ரூபாய்க்கு 'ஒரிஜினல் கீ' என்று இணையத்தில் விற்பவர்களிடம் வாங்கவேண்டாம். இன்று வேலை செய்யும், ஒருநாள் செத்துப்போகும்.

8. போடும் நாள்

சி டிரைவில் 40 ஜிபியாவது காலி இருக்கட்டும். கீபோர்டு, மவுஸ், கோப்பு இருக்கும் பென் டிரைவ் தவிர எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஐஎஸ்ஓவை டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்துவிட்டுப் பென் டிரைவையும் கழற்றிவிடுவது இன்னும் நல்லது. ஐஎஸ்ஓவைத் திறந்து 'செட்டப்' ஓட்டும்போது 'இப்போது அப்டேட் இறக்கவேண்டாம்' என்ற தெரிவை எடுங்கள்.

வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்புகளை விரிக்கும். இதில் கரண்ட் போனாலும் பெரிய நஷ்டமில்லை. பிறகு தானாக அணைந்து எழுந்து, சதவீதக் கணக்கோடு ஒரு வெறும் திரை வரும். அபாயம் இந்தக் கட்டத்தில்தான். இடையில் நின்றால் பெரும்பாலும் விண்டோஸ் தானே பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும்; ஹார்டு டிஸ்க் பலவீனமாக இருந்தால் திரும்பாது. எஸ்எஸ்டியில் மொத்தமும் ஒன்று, ஒன்றரை மணி நேரம். ஹார்டு டிஸ்க்கில் மூன்று, நான்கு மணி நேரம்கூட ஆகும். கடையில் வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் பத்துப் பதினைந்து நிமிடம்தான் தாங்கும். ஆகவே டவரை வீட்டு இன்வெர்ட்டர் லைனில் யுபிஎஸ்ஸோடு சேர்த்துப் போடுங்கள். லேப்டாப் பேட்டரி செத்திருந்தால் அதையும் டவராகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் காரில் கொண்டுவந்த லேப்டாப்பைச் சூடான அறைக்குள் வந்ததும் ஆன் செய்யாதீர்கள். உள்ளே நீர் கோத்திருக்கும். அரை மணி நேரம் பையிலிருந்து எடுத்துத் திறந்து வையுங்கள்.

துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுபவர்களுக்கு ஒரு கூடுதல் வரி: வைஃபை டிரைவரையும், இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த லேப்டாப்களுக்கு ஆர்எஸ்டி என்ற சேமிப்பு டிரைவரையும் பென் டிரைவில் வைத்திருங்கள். முன்னது இல்லையென்றால் இணையம் கேட்டு நிற்கும். பின்னது இல்லையென்றால் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும்.

9. முதல் பத்து நாள்

பிடிக்கவில்லை என்றால் 'சிஸ்டம்', 'ரெக்கவரி', 'கோ பேக்' வழியாகப் பழைய விண்டோஸுக்குத் திரும்பப் பத்து நாள் அவகாசம் உண்டு. அதற்குள் 'விண்டோஸ்.ஓல்டு' கோப்புறையை இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டால் திரும்ப வழியில்லை. விவரம் தெரிந்த டெக்னீசியன் இருந்தால் இந்த அவகாசத்தை 60 நாள் வரை நீட்டித்துத் தரச் சொல்லுங்கள். அதைப் பத்து நாளுக்குள் செய்யவேண்டும்.

21-க்குப் பிறகு போட்டால் அடுத்த 11-ஆம் தேதி வருவதற்குள் அவகாசம் தீர்ந்துவிடும். ஆகவே முதல் நாளே ஒவ்வொன்றையும் ஓட்டிப் பாருங்கள்: ஜிஎஸ்டி தளத்தில் நுழைந்து எம்சைனர் என்ற கையொப்ப மென்பொருள் டோக்கனைப் பார்க்கிறதா, டேலி திறக்கிறதா, ஒரு பில் அச்சாகிறதா, தராசில் ஒரு கூடை வைத்தால் எடை திரையில் வருகிறதா, பழைய பாமினி மனு ஒழுங்காகத் தெரிகிறதா.

10. தகுதியில்லாத கணினியை என்ன செய்வது

தகுதிச் சோதனையைத் தாண்டவைத்து விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்பவர்கள் உண்டு. ஏறும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. ஒவ்வோர் ஆண்டுப் பதிப்பையும் திரும்பக் கையால்தான் ஏற்றவேண்டும். பணம் புழங்கும் கணினிக்கு அது வேண்டாம்.

டேலியும் டோக்கனும் இல்லாத, பிரவுசரும் கடிதமும் மட்டும் போதும் என்ற கணினிக்கு, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் 22 நன்றாக உழைக்கும். 2029 வரை திருத்தங்கள் உண்டு, காசில்லை. 4 ஜிபி ராமுக்கு அதன் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்கள்கூட ஓர் எஸ்எஸ்டி போட்டால் பிள்ளைகளுக்கு எழுந்து நிற்கும். முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் பிரின்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள்.

கடைக் கணக்குக்கு வேறு வழியில்லை, இயந்திரம்தான் மாறவேண்டும். கோவையில் அலுவலகங்களிலிருந்து கழித்த செகண்ட்ஸ் டவர்கள் கிடைக்கும். வாங்கும்போது செயலி எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோதானா, விண்டோஸ் 11 ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று கடையிலேயே ஆன் செய்து பாருங்கள். பில் வாங்குங்கள், அதில் சீரியல் எண் எழுதச் சொல்லுங்கள். பழைய கணினியை உடனே கொடுத்துவிடாதீர்கள். புதியதில் ஒரு முழு மாதக் கணக்கு முடியும் வரை இணையத்தைக் கழற்றிவிட்டுப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.